முன் பிரேக் பேட்: நானே மாற்றலாமா, 20 நிமிட வேலைதானா?

2 மார்ச் 2024, காலை 7.10 (கேள்வி)

காரில் பிரேக் மிதித்தால் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது. பேட் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீடியோவில் இரண்டு போல்ட்டைக் கழற்றுகிறார்கள், பழையதை உருவிப் புதியதைச் சொருகுகிறார்கள், 20 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் ஸ்டெப்னி மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். பிரேக்கில் கை வைக்காதே என்று வீட்டில் சொல்கிறார்கள். நானே மாற்றலாமா?

2 மார்ச், காலை 9.25 (பதில்)

மாற்றலாம். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தால் கால்வாசி வேலை உங்களுக்குத் தெரியும். அந்த 20 நிமிடக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். தினமும் இதே வேலையைச் செய்கிறவரின் கணக்கு அது, அதுவும் துரு ஏறாத வண்டியில். முதல் தடவைக்கு அரை நாள் வையுங்கள். மறுநாள் காலையில் வண்டி கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் தொடங்காதீர்கள். அவசரத்தில்தான் ஏதாவது ஒரு போல்ட் பாதி முறுக்கில் நின்றுவிடும்.

சத்தத்துக்கு வருகிறேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட், பேடில் தேயும் பகுதி லைனிங். பல பேட்களின் விளிம்பில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். லைனிங் ஏறக்குறைய 3 மி.மீ. வரை தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். நீங்கள் கேட்பது அநேகமாக அதுதான். கீச் என்பது கரகரவென்று மாறினால் லைனிங் தீர்ந்துபோய், பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்கை அறுக்கிறது என்று பொருள். அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எதையும் நீட்டாதீர்கள். சமமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, பிறகு ஜாக்கி, உடனே ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி). செங்கல் அடுக்குவது ஜாக் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. பாரம் தாங்காவிட்டால் செங்கல் நசுங்கிக் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் பக்கவாட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அது தாங்கும்.

2 மார்ச், காலை 9.50

விட்டுப்போனது. பேட் எப்போதும் வலது இடது இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் நன்றாக இருந்தாலும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மாற்றும்போது மட்டும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கத்தைப் போய்ப் பார்க்கலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே இருக்கும். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டோவில் நமக்கு வேண்டிய மூலை எப்போதும் இருட்டாகத்தான் விழும்.

2 மார்ச், இரவு 10.05

வேலை எப்படிப் போகும் என்று ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். போல்ட் அளவும் முறுக்கு அளவும் வண்டிக்கு வண்டி மாறும், அவற்றை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். தூக்கி நிறுத்திய பின் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வேலை செய்கிறீர்களோ அந்தப் பக்கம் காலிப்பர் (பேட்களை உள்ளே வைத்து டிஸ்கைக் கவ்வும் பாகம்) வெளியே திரும்பி நிற்கும்படி ஒடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் முதல் தடவை நான் ஒரு மணி நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வேலை பார்த்தேன். கழுத்து வலி இரண்டு நாள் இருந்தது.

காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றினால் அது கையோடு வரும். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றிக் காலிப்பரை மேலே மடக்கினாலே போதும். முழுதாகக் கழற்றினால் பிரேக் ஹோஸில் (காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்) தொங்கவிடாதீர்கள். கம்பியோ கயிறோ போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே கிழிந்துவிடும். அந்தக் கோளாறு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அடுத்தது பிஸ்டனை, அதாவது ஆயில் அழுத்தத்தில் வெளியே வந்து பேடைத் தள்ளும் உருளையை, உள்ளே தள்ளுவது. புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டன் பின்வாங்கினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேட் ஒன்றை பிஸ்டன் முகத்தில் வைத்து, சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் இரும்புப் பிடி) போட்டு மெதுவாக முறுக்குங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம்.

தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைப் பாருங்கள். ஏன் என்றால், பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது முறுகுகிறது, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி பிஸ்டனைத் துளி பின்னுக்கு இழுக்கிறது. பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். பேட் தேயத் தேய பிஸ்டன் அந்த வளையத்துக்குள் வழுக்கி முன்னால் போய்ப் புது இடத்தில் நிற்கும். அதனால்தான் டிஸ்க் பிரேக்கை யாரும் டைட் வைப்பதில்லை, தானாகவே சரிசெய்துகொள்கிறது. இத்தனை நாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் துரு பிடித்திருந்தால், நீங்கள் தள்ளும்போது அந்தத் துரு வளையத்தைக் கீறிக்கொண்டு உள்ளே போகும். உறை கிழிந்து பிஸ்டனில் துரு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது பேட் மாற்றுகிற வேலை இல்லை, காலிப்பர் வேலை.

இதை எழுதக் காரணம், ஒரு வண்டியில் கிழிந்த உறையைப் பார்த்தும் நான் தள்ளிவிட்டேன். மூன்றாம் வாரம் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் பிரேக் ஆயில் வழிந்திருந்தது.

3 மார்ச், காலை 6.40

என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, ஸ்பேனர் செட், சி-கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், டார்க் ரெஞ்ச் (சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), கையுறை, முகக்கவசம். பேட் தூளை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஸ்லைட் பின்னுக்கு (காலிப்பர் முன்னும் பின்னும் நகரும் கம்பி) கிரீஸ் வேண்டும். சூடு தாங்கும் கிரீஸ் எதுவானாலும் போதும். (16-ஆம் தேதி சேர்த்தது: இந்த வரி தவறு. கீழே படியுங்கள்.)

பேட் காதுகள் (பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) உட்காரும் இடத்தில் மெல்லிசாகப் பூச பிரேக்குக்கென்றே உள்ள பேஸ்ட் கிடைக்கும். லைனிங்கிலோ டிஸ்கிலோ கிரீஸ் படக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3 மார்ச், மதியம் 1.15

பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளை (காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்து பழைய ஆயிலை வெளியே விடாவிட்டால் அழுக்கெல்லாம் ஏபிஎஸ்ஸுக்குள் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) போய்விடும் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலிப்பரில் தேங்கும் ஆயில்தான் அதிகம் கெட்டுப்போயிருக்கும். நானும் சில வருடம் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் முதல் தடவை செய்கிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். நிப்பிளை மூடுவதற்குள் கிளாம்ப் தளர்ந்தால் காற்று உள்ளே போகும், பிறகு ஏர் எடுக்க, அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற, இன்னொரு ஆள் வேண்டும். துருப்பிடித்த நிப்பிள் திருகும்போதே ஒடிந்துவிட்டால் வேலை நாள்கணக்கில் இழுக்கும். மெதுவாகத் தள்ளுங்கள். ஆயில் இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் அதை மாற்றுவதைத் தனி வேலையாக வேறொரு நாள் செய்யுங்கள்.

ஆயில் டப்பா மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். பேட் தேய்ந்ததால் மட்டம் இறங்கியிருக்கும், தள்ளும்போது ஏறும். நடுவில் யாராவது "ஆயில் குறைந்திருக்கிறதே" என்று ஊற்றி நிரப்பியிருந்தால் பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மட்டம் இறங்கினால் பேடைப் பார், பார்க்காமல் ஊற்றாதே என்பார் எனக்குக் கற்றுக்கொடுத்த மெக்கானிக்.

5 மார்ச், இரவு 9.30

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதை நினைத்து இரண்டு நாளாக உறுத்தல்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன்னால், பிரேக் பெடலை மிதியுங்கள். தரையோடு தரையாக அழுத்தாமல் பாதிப் பாதியாக, பெடல் கெட்டியாகும் வரை. நீங்கள் பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறீர்கள். அது திரும்ப வந்து பேடைத் தொடும்வரை உங்கள் வண்டிக்கு முன் பிரேக் கிடையாது.

நான் இரண்டாவதாகச் செய்த வண்டியில் இதை மறந்தேன். வீட்டு வாசல் சரிவு. சாவியைத் திருப்பிப் பின்னால் எடுத்தேன், மிதித்தேன், பெடல் பஞ்சில் அழுந்துவதுபோல் அடிவரை போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். பின்னால் ஒரு குழந்தை சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முதல் பேடைக் கையில் எடுக்கும்போதே, "பெடல்" என்று எழுதிய தாளை ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுகிறேன். பெடல் கெட்டியான பிறகுதான் அதைக் கிழிப்பேன். நீங்களும் ஒட்டுங்கள்.

9 மார்ச், இரவு 8.20

முடித்துவிட்டீர்கள், ஐந்து மணி நேரம். நல்ல நேரம்தான், அதைக் குறையாக எழுத வேண்டாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "வலது பக்கம் உள்பேட் 2 மி.மீ.தான் இருந்தது, வெளிப்பேட் 7 இருந்தது, இரண்டையும் தூக்கிப் போட்டேன்." குப்பையிலிருந்து எடுங்கள். இந்த வேலையில் எனக்குப் புதுப் பேடைவிடப் பழைய பேட்தான் முக்கியம். பிரேக் இத்தனை நாள் எப்படி வேலை செய்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

உங்கள் வண்டியில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேடை நேராக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைட் பின்களின் மேல் நகர்ந்து வந்து வெளிப்பேடை இழுத்துக்கொண்டு டிஸ்கைப் பிடிக்கும். பின் நகராவிட்டால் உள்பேட் மட்டும் வேலை செய்யும், அது மட்டும் தேயும், வெளிப்பேட் அழகாக அப்படியே இருக்கும். வெளியே சக்கர ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த வெளிப்பேட்தான். "இன்னும் நிறைய இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஒரே பேடில் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லிசாகவும் ஆப்புபோல் இருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம். இரண்டு பேடும் ஒரே அளவாக, ஆனால் எதிர்ப்பக்கச் சக்கரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டனோ ஹோஸோ.

வலது பக்கம் பின்களைக் கையால் தள்ளிப் பார்த்தீர்களா? விரல் அழுத்தத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும்.

10 மார்ச், காலை 7.05

ஒருவர் கேட்டார்: ஒரு பேட் வேலை செய்யாவிட்டால் என்ன, வண்டி நிற்கத்தானே செய்கிறது?

நிற்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,200 கிலோ வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை நிறுத்த ஏறக்குறைய 300 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். முக்கால் லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது, ஒரே ஒரு நிறுத்தத்துக்கு, சில நொடிக்குள். நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பகுதி முன் பிரேக்குகளுக்குத்தான் போகும். வேகம் பாதியானால் கால்பங்குதான் வரும், இரட்டிப்பானால் நான்கு மடங்கு. இதில் ஒரு பேட் சும்மா இருந்தால் மற்றது அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது.

சூடு ஆயிலுக்கும் போகும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140, 155 தான். இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் குமிழியைத்தான் நசுக்கும், பிஸ்டனுக்கு அழுத்தம் போகாது. மலைப்பாதையில் கீழ் கியரில் இறங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 அப்படியல்ல. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

16 மார்ச், மாலை 5.45

வலது பக்கத்தைத் திரும்பப் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்: மேல் பின் சுலபமாக வருகிறது, கீழ் பின் துடைத்து கிரீஸ் போட்டும் கஷ்டப்பட்டுத்தான் போகிறது, ஓடிய பின் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் கை வைத்தால் சூடு அதிகம்.

இதைப் படித்ததும் என் 3-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். தவறாக எழுதியிருக்கிறேன். "சூடு தாங்கும் கிரீஸ் எதுவானாலும்" என்பது கூடாது. பல காலிப்பர்களில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் இருக்கும். அதிர்வைத் தாங்குவதற்காக. பிரேக் ஆயிலுக்குத் தாங்கும் அந்த வகை ரப்பர், பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் எவ்வளவு சூடு தாங்கினாலும் இங்கே ஆகாது. ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிகான் பிரேக் கிரீஸ், அல்லது உங்கள் வண்டிப் புத்தகம் சொல்வது, அது மட்டும்தான்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. பல வருடம் முன்பு ஒரு பட்டறையில் போட்ட கிரீஸால் என் வண்டியிலும் இதே புஷ் ஊறிப் பின் இறுகியது. தெரிந்திருந்தும் அவசரத்தில் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். பழைய வரியை அழிக்கவில்லை, பக்கத்தில் குறித்திருக்கிறேன். வேறு யாராவது அதை மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது.

உங்கள் வண்டியில் தேய்மானம் பல மாதக் கதை. ஆகவே புஷ் முன்பே ஊறியிருக்க வேண்டும், நான் சொன்ன கிரீஸ் அதைச் சரியாக விடவில்லை. ஆனாலும் ஊகத்தில் சாமான் வாங்க வேண்டாம். ஒரு சோதனை செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் நிப்பிளில் குழாய் மாட்டி, துளி திறவுங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே தளர்ந்தால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, ஹோஸைச் சந்தேகப்படுங்கள். உள்ளே வீங்கிய ஹோஸ் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. திறந்தும் தளராவிட்டால் பின் அல்லது பிஸ்டன்.

17 மார்ச், காலை 8.10

திறந்தும் தளரவில்லை. சரி, ஹோஸ் தப்பித்தது. பின், புஷ், ரப்பர் உறை சேர்ந்த செட் வாங்குங்கள். பழைய கிரீஸைத் துளைக்குள்ளிருந்து முழுக்கத் துடைத்தெடுங்கள், குச்சியில் துணி சுற்றி. புஷ் உள்ள பின் மேலேயா கீழேயா என்பது வண்டிக்கு வண்டி வேறு, மாற்றிப் போடாதீர்கள். கிரீஸை வழிய வழிய அப்ப வேண்டாம், காற்று அடைபட்டுப் பின் வெளியே தள்ளும்.

17 மார்ச், இரவு 9.00

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருப்பதில்லை. அதன் தடிமன் சுற்றளவில் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேடின் லைனிங் ஒரு திட்டாக அதில் படிந்திருக்கும். சூடான பிரேக்கை அழுத்தியபடியே சிக்னலில் நின்றால் அப்படிப் படியும்.

புது டிஸ்க் போட்டும் ஆடினால் ஹப்பை (டிஸ்கும் சக்கரமும் மாட்டியிருக்கும் நடுப்பாகம்) பாருங்கள். ஹப் முகத்தில் இருக்கும் துருப் பொருக்கு டிஸ்கைச் சாய்த்து உட்காரவைக்கும். பல வண்டிகளில் அனுமதிக்கும் ஆட்டமே 0.05 மி.மீ. அளவுதான், தலைமுடியைவிட மெல்லிசு. கம்பி பிரஷ் போட்டுப் பளிச்சென்று ஆக்கிய பிறகே டிஸ்கை மாட்ட வேண்டும். புது டிஸ்கில் துருவுக்காகத் தடவிய எண்ணெயையும் கிளீனரால் துடைக்க வேண்டும்.

பழைய டிஸ்கையே வைத்துக்கொள்வதானால் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள். சாதாரண வெர்னியரால் அளந்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பில் உட்கார்ந்து பொய் சொல்லும். மைக்ரோமீட்டர் வேண்டும்.

24 மார்ச், மாலை 6.30

புது பின் போட்டாயிற்று, விரலால் தள்ளினால் போகிறது, நல்லது. பிஸ்டனைத் திரும்பத் தள்ளினீர்கள் அல்லவா, தாளை மறுபடி ஒட்டினீர்களா?

பேட் பழகுவதற்கு: ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நடுத்தரமாக அழுத்தி இறக்குங்கள், முழுக்க நிறுத்தாமல். நடுவில் ஆறவிட்டு எட்டு பத்து தடவை. பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கே தொடாமல் ஓட்டுங்கள். பேட் பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். லேசான கருகிய வாசனை வரும், பயப்பட வேண்டாம். புகை வந்தால் நிறுத்துங்கள்.

31 மார்ச், காலை 7.20

இரண்டு முன் சக்கரமும் ஒரே சூடு, வண்டி நேராக நிற்கிறது, வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து போனார்கள் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

ஆறு மாதம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றி வலது உள்பேடையும் வெளிப்பேடையும் அளந்து குறித்து வையுங்கள். இப்போது நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். வீல் நட்டை டார்க் ரெஞ்சில் இன்னொரு முறை பார்த்தீர்களா?